வசையில் யார் கெட்டிக்காரர்? காளமேகத்தைத் தாண்டி யாராவது உண்டா?

பொருநைக்கரை:

வசை என்றாலே நம்மவர்கள் காளமேகத்தில் தொடங்கிக் காளமேகத்திலேயே முடித்துவிடுகிறார்கள். எந்தப் புலவர் எதில் வல்லவர் என்று வரிசைப்படுத்தும் பழைய பாட்டு "வசைபாடக் காளமேகம்" என்று அவர் பெயருக்குப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டது. அதற்கு முன்னால் தமிழில் யாரும் யாரையும் திட்டியதே இல்லை போலும்.

என் கட்சி வேறு. புறநானூறு 162. அந்த அவமதிப்பில் சொல் பாதிதான், மீதி யானை. பெருஞ்சித்திரனார் வறுமையில் உழன்ற புலவர். வெளிமானிடம் பரிசில் நாடிப் போனார். வெளிமான் தன் தம்பியிடம் கொடுக்கச் சொன்னான். தம்பி இளவெளிமான் ஏதோ கொஞ்சம் எடுத்து நீட்டினான். புலவர் அதைத் தொடவில்லை. குமணனிடம் போய்ப் பாடினார். குமணன் யானையே கொடுத்தான். வேறொருவர் என்றால் யானையோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பார். இவர் அதை ஓட்டிக்கொண்டு இளவெளிமான் ஊருக்குத் திரும்பினார், அவனுடைய காவல் மரத்தில் கட்டினார், அவன் முன்னால் போய் நின்று பாடினார்:

"இரவலர் புரவலை நீயும் அல்லை;
புரவலர் இரவலர்க்கு இல்லையும் அல்லர்."

இரப்பவரைக் காப்பவன் நீ இல்லை. அதற்காகக் காப்பவரே உலகத்தில் இல்லாமலும் போய்விடவில்லை. இரப்பவர் இருப்பதையும் பார், அவர்களுக்குக் கொடுப்பவர் இருப்பதையும் பார். உன் ஊர்க் கடிமரம் வருந்தும்படி நான் கட்டியிருக்கும் யானை எனக்குக் கிடைத்த பரிசில். வருகிறேன்.

கவனியுங்கள், ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. "கடுமான் தோன்றல்" என்று, விரைந்து ஓடும் குதிரைகளை உடைய தலைவனே என்று, மரியாதையாகத்தான் விளிக்கிறார். ஆனால் பகைவனுடைய கடிமரத்தை வெட்டுவதும் அதில் தன் யானையைக் கட்டுவதும் போரில் வென்ற அரசன் செய்கிற வேலை. பரிசில் கேட்டு வந்தவன் படையெடுத்து வென்றவனைப் போல நடந்துகொண்டு, "செல்வல் யானே" என்று திரும்பிப் பார்க்காமல் போகிறான். இதற்கு இளவெளிமான் என்ன பதில் சொல்ல முடியும்? யானையை அவிழ்த்துவிடச் சொன்னாலும் அவமானம், கட்டியபடி விட்டாலும் அவமானம்.

இதை மிஞ்சும் ஒன்றை யாராவது காட்டுங்கள்.

நாகைக்காரன்:

பொருநைக்கரை ஐயா, யானை இல்லாத ஏழை என்ன செய்வான்? காளமேகத்திடம் இருந்தது நாக்கு ஒன்றுதான். அதுவும் எங்கள் ஊரில் வந்து நீட்டிய நாக்கு.

நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவர் நடத்திய சத்திரத்துக்குப் பசியோடு வந்தார். சோறு வர நேரமாயிற்று. ஒரு வெண்பா:

"கத்துக் கடல்சூழ்நாகைக் காத்தான்றன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் - குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்."

பொழுது சாயும்போது அரிசி வருகிறது. குத்தி உலையில் போடும்போது ஊர் தூங்கிவிட்டது. ஒரு அகப்பைச் சோறு இலையில் விழும்போது கிழக்கே விடிவெள்ளி. நாலு வரியில் ஓர் இரவு முழுவதும் போய்விட்டது. சத்திரத்துத் திண்ணையில் காலி இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனால்தான் இப்படி மணி பார்க்க முடியும். "தாமதம்" என்ற சொல் பாட்டில் எங்காவது இருக்கிறதா?

காத்தான் பதறிப்போய்க் காலில் விழ, அதே பாட்டுக்கு அவர் வேறு பொருள் சொன்னாராம். நாட்டில் பஞ்சம் வந்து வளம் மறையும் காலத்திலும் இந்தச் சத்திரத்துக்கு அரிசி மூட்டை வரும். அதை உலையில் இட்டால் ஊர்ப் பசி அடங்கும். சோற்றின் வெண்மையைக் கண்டு வெள்ளியே வெட்கப்பட்டு எழுந்து ஓடும். ஓர் எழுத்தை மாற்றாமல் வசை வாழ்த்தாயிற்று. யானையால் இது முடியுமா?

கறார் வாசகன்:

அந்த இரண்டாவது பொருளைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள் நாகைக்காரரே. முதல் பொருள் தானாக வந்து உட்காருகிறது. இரண்டாவதை இழுத்துப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. சோற்றைப் பார்த்து வெட்கப்படும் வெள்ளியை நம்பினால் எதையும் நம்பலாம். பயந்துபோன சத்திரக்காரரோடு சமாதானமாகப் போக எழுதிய உரை அது.

இன்னொன்று. இந்தப் பாட்டுகள் நம் கைக்கு வந்தது தனிப்பாடல் திரட்டுகள் வழியாக. அவை 19ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டவை. காளமேகம் 15ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். நடுவில் நானூறு ஆண்டுகள் வாய்வழியாக ஓடி வந்த சரக்கு. நல்ல வசை ஒன்று அகப்பட்டால் அதைக் காளமேகத்தின் கணக்கில் எழுதிவிடுவது, நல்ல புத்தி என்றால் ஔவையார் கணக்கில் எழுதிவிடுவது. பாட்டு ஒரு பக்கம் இருக்கும், கதை அதற்கேற்ப முளைக்கும்.

அவரே பாடினார் என்று வைத்துக்கொண்டாலும் பாதிக்கு மேல் சிலேடை விளையாட்டு. வித்தை இருக்கிறது. வலிக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

நாகைக்காரன்:

வலிக்கவில்லை என்றால் இதைப் பாருங்கள். திருமலைராயன் பட்டினத்து அரசவையில் அதிமதுரகவியின் கூட்டத்தார் தங்களைக் கவிராயர்கள் என்று சொல்லிக்கொண்டபோது:

"வாலெங்கே நீண்டெழுந்த வல்லுகிரெங்கே நாலு
காலெங்கே ஊன்வடிந்த கண்ணெங்கே - சாலப்
புவிராயர் போற்றும் புலவீர்காள் நீங்கள்
கவிராயர் என்றிருந்தக் கால்."

கவி என்றால் குரங்கும்தான். குரங்கரசர்களா நீங்கள், வாலைக் காணோமே என்று கேட்கிறார். பாராட்டுச் சொல்லையே பிடித்து அவர்கள் பின்னால் வாலாகக் கட்டிவிட்டார். அன்றைக்குப் பிறகு ஒருவன் தன்னைக் கவிராயர் என்று சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவன் அவன் முதுகுப் பக்கம் பார்த்திருக்க மாட்டானா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

இரண்டு பேரும் இரண்டு வேறு சரக்கை ஒரே தராசில் போட்டுச் சண்டையிடுகிறீர்கள். தொல்காப்பியர் செய்யுளியலில் இதை எப்போதோ பிரித்து வைத்துவிட்டார். அங்கதம் இரு வகை. "செம்பொருள் ஆயின வசையெனப் படுமே." வெளிப்படையாகத் திட்டினால் அது வசை. மறைத்துச் சொன்னால் பழிகரப்பு.

காளமேகத்திடம் இரண்டும் உண்டு. அதே திருமலைராயன் பட்டினத்தில் தோற்காமல் வென்றும் தக்க மரியாதை கிடைக்காதபோது, "கோளர் இருக்கும் ஊர், கோள்கரவு கற்ற ஊர்" என்று தொடங்கி "மண்மாரி பெய்க இந்த வான்" என்று அறம் பாடினார், அதாவது ஊர் அழியச் சபித்துப் பாடினார். அது செம்பொருள். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. கோபம் முற்றினால் நகைச்சுவை முதலில் கழன்றுகொள்ளும் என்பதற்கு அந்தப் பாட்டைத்தான் வகுப்பில் காட்டுவேன்.

பழிகரப்புக்கு ஔவையாரின் புறநானூறு 95. அதியமானுக்காகத் தூது போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகத் திறந்து காட்டுகிறான். ஔவை சொல்வதைப் பாருங்கள்: இங்கே உள்ளவை மயில் பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் உள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன. அங்கே உள்ளவையோ, "பகைவர்க் குத்திக் கோடுநுதி சிதைந்து" கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன.

கேட்டால் தொண்டைமானின் ஆயுதங்களைப் புகழ்வது போலத்தான் இருக்கும். ஒன்று அலங்காரமாக இருக்கிறது, மற்றொன்று பழுது பார்க்கப் போயிருக்கிறது. பொய்யாக ஒரு சொல் இல்லை. உன் வேல் ஒருவரையும் குத்தவில்லை என்று அவர் சொல்லவே இல்லை. நெய் பூசியிருப்பதைத்தான் சொன்னார்.

புதியவன்:

அம்மா, ஒரு சந்தேகம். தொண்டைமானுக்கு அது புரியாமலே போயிருந்தால்? நம் ஆயுதங்களைப் புகழ்கிறாள் கிழவி என்று சந்தோஷமாக விருந்து போட்டு அனுப்பியிருந்தால்?

கறார் வாசகன்:

நல்ல கேள்வி. புரியாத வசை வீண் வசை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

வீண் இல்லை. அரசனுக்கு மட்டும் சொல்வதாக இருந்தால் தனியே சொல்லியிருப்பார். கொட்டிலில் அமைச்சரும் வீரரும் நின்றிருப்பார்கள். அவர்களுக்குப் புரிந்தால் போதும், அரசனுக்குப் புரியாமல் போனால் இன்னும் விசேஷம். புரிந்தாலும் அவனால் கோபப்பட முடியாது. கோபப்பட்டால் "என் வேல்கள் போருக்கே போனதில்லை" என்று அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். தூதுவராகப் போனவருக்கு உயிரோடு திரும்ப வேண்டிய தேவையும் இருக்கிறதல்லவா.

செங்கமலம்:

அரசவை, புலவர், யானை. நீங்கள் எல்லோரும் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவே மாட்டீர்களா?

எங்கள் பெரியம்மாவைக் கல்யாணங்களுக்கு அழைக்கவே சம்பந்தி வீட்டார் பயப்படுவார்கள். ஒரு கல்யாணத்தில் சாப்பாடு எப்படி என்று மாப்பிள்ளையின் தகப்பனார் பெருமையாகக் கேட்டார். "நல்ல நுனி இலையாகப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள்" என்றார் பெரியம்மா. அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. வேறொரு வீட்டில் காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "உங்கள் ஊர்த் தண்ணீர் நல்ல ருசி" என்றார்.

காளமேகம் நீர்மோர் குடித்துவிட்டுப் பாடியதும் இதுதானே? வானத்தில் இருந்தபோது "காரென்று பேர்படைத்தாய்", தரையில் விழுந்தபின் நீர், ஆய்ச்சியர் கைக்கு வந்தபின் "மோரென்று பேர்படைத்தாய், முப்பேரும் பெற்றாயே" என்று. பெரியம்மா அந்தப் பாட்டைப் படித்தவர் அல்ல.

நாகைக்காரன்:

அம்மா, அந்தப் பெரியம்மாவுக்குத் தனிப்பாடல் திரட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்க வேண்டும். நுனி இலை! சோற்றைப் பற்றிப் பேசவே இல்லையே.

செங்கமலம்:

பேசாமல் விட்டதுதான் அங்கே குத்தியது. ஆனால் நான் எழுத வந்தது இது மட்டும் அல்ல. தனிப்பாடல்களில் பெண்ணின் உடம்பை, தாசியின் வயதை, ஒருவனுடைய சாதித் தொழிலை வைத்துப் பாடிய வசைகள் எத்தனை இருக்கின்றன? அவற்றையும் "ஆகா, என்ன சிலேடை" என்று கைதட்டித்தான் சொல்லி வருகிறோம். ஒருவன் செய்த காரியத்தைக் குத்துவது வேறு. அவன் பிறந்த விதத்தைக் குத்துவதற்குப் புத்தி எதற்கு? கண் இருந்தால் போதுமே. இளவெளிமான் கஞ்சத்தனம் செய்தான், குத்து வாங்கினான். தொண்டைமான் பெருமையடித்தான், வாங்கினான். அது நியாயம்.

கறார் வாசகன்:

அப்படியானால் ஔவையார் பாடியதாகச் சொல்லும் "எட்டேகால் லட்சணமே" என்ன ஆவது? ஊரே கொண்டாடும் பாட்டு. முழுக்க முழுக்க உருவத்தைத்தான் திட்டுகிறது.

"எட்டேகால் லட்சணமே எமனேறும் பரியே
மட்டில் பெரியம்மை வாகனமே முட்டமேற்
கூரையில்லா வீடே குலராமன் தூதுவனே
ஆரையடா சொன்னா யது."

தமிழ் எண்ணில் எட்டு என்றால் "அ", கால் என்றால் "வ", ஆகவே அவலட்சணமே. பிறகு எருமை, மூதேவி ஏறும் கழுதை, குட்டிச்சுவர், குரங்கு. உங்கள் சட்டப்படி இது தேறாதே அம்மா.

செங்கமலம்:

தேறும். ஏனென்றால் முதலில் வாயைக் கொடுத்தது அந்தப் பக்கம். கம்பர் "ஒருகாலடீ, நாலிலைப் பந்தலடீ" என்று ஔவையைப் பார்த்து வரிக்கு வரி "அடீ" போட்டு விடுகதை போட்டதாகத்தானே கதை? அதன் விடை ஆரைக்கீரை. ஒரு தண்டில் நாலு இலை. அவர் போட்ட "அடீ"க்கு இவர் "அடா" போட்டார், அதுவும் விடையையே உள்ளே வைத்து: "ஆரையடா சொன்னாய் அது." யாரைப் பார்த்துச் சொன்னாய் என்ற மிரட்டலும் அதுதான், ஆரைக்கீரையைத்தானே சொன்னாய் என்ற விடையும் அதுதான். எருமையும் கழுதையும் வட்டி. அசல் கடைசி வரியில் இருக்கிறது.

மேலும் அவர் திட்டியது நாடறிந்த புலவரை. வழியில் போகிற ஏழையை அல்ல.

பொருநைக்கரை:

செங்கமலம் அம்மா வீட்டைத் திறந்துவிட்டதால் நான் வயலைத் திறக்கிறேன். எங்கள் பக்கத்து முக்கூடற்பள்ளு. சீவலப்பேரி அருகில் ஆறுகள் கூடும் இடம்தான் முக்கூடல். ஒரே கணவனுக்கு வாய்த்த இரண்டு உழவுப் பெண்கள் சண்டை பிடிக்கிறார்கள். மூத்தவள் முக்கூடல்காரி, பெருமாள் கட்சி. இளையவள் மருதூர்க்காரி, சிவன் கட்சி. ஒருத்தியை ஒருத்தி ஏசி அலுத்து, கடைசியில் தெய்வங்களை இழுக்கிறார்கள்.

மூத்தவள்: "சுற்றிக்கட்ட நாலுமுழத் துண்டுமில்லாமல் - புலித் தோலை உடுத்தான் உங்கள் சோதியல்லோடி."

இளையவள்: "கற்றைச் சடைகட்டி மரவுரியும் சேலைதான் - பண்டு கட்டிக்கொண்டான் உங்கள் சங்குக் கையனல்லோடி."

சிவன் புலித்தோல் கட்டினால் உங்கள் இராமன் மட்டும் பட்டு வேட்டியோடா காட்டுக்குப் போனான்? அடுத்த சுற்று இன்னும் மேல். நாட்டில் பிச்சையெடுத்தும் பசி ஆறாமல் "நஞ்சையெல்லாம் உண்டான்" உங்கள் நாதன் என்கிறாள் ஒருத்தி. மாட்டுப் பின்னால் திரிந்தும் சோறு கிடைக்காமல் "வெறும் மண்ணை உண்டான்" உங்கள் முகில்வண்ணன் என்கிறாள் மற்றவள்.

இங்கே நஞ்சை என்பது ஆலகாலம் மட்டுமா? சேற்றில் நாற்று நடுகிற பெண் நஞ்சை என்று சொன்னால் அது வயலும்தான். மண்ணும் அவள் தினமும் மிதிக்கிற மண். சோறு, துணி, மாடு, நிலம் என்று தங்களுக்கு இருக்கிற பற்றாக்குறையை எல்லாம் தெய்வத்தின் தலையில் ஏற்றிச் சிரிக்கிறார்கள். சண்டை முடிந்ததும் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள், இரண்டு தெய்வத்துக்கும் குறைவு வராது. புராணத்தில் இல்லாத எதையும் அவர்கள் சொல்லவில்லையே.

புதியவன்:

தெய்வத்தைத் திட்டினால் பாவம் இல்லையா என்று கேட்க வந்தேன். கேட்காமலே பதில் வந்துவிட்டது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

பாவம் என்றால் முதல் பாவி சுந்தரர்தான் தம்பி. இறைவனைப் பார்த்துப் "பித்தா" என்று தொடங்கியவர். அதைவிடத் திருவாரூர்ப் பதிகத்தைப் படியுங்கள். திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சபதம் செய்து, அதை மீறிக் கிளம்பியதால் இரண்டு கண்ணும் போயின. காஞ்சியில் ஒரு கண் திரும்பி வந்தது. மற்றதைக் கேட்கத் திருவாரூர் வருகிறார்.

"விற்றுக் கொள்வீர் ஒற்றி அல்லேன் விரும்பி ஆட்பட்டேன்
குற்றம் ஒன்றும் செய்த தில்லை கொத்தை ஆக்கினீர்
எற்றுக் கடிகேள் என்கண் கொண்டீர் நீரே பழிப்பட்டீர்
மற்றைக் கண்தான் தாரா தொழிந்தால் வாழ்ந்து போதீரே."

என்னை விற்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, நான் அடமானப் பொருள் அல்ல, விரும்பி வந்த அடிமை. என் கண்ணை எடுத்ததால் பழி உங்களுக்குத்தான். இன்னொரு கண்ணைத் தராவிட்டால் போங்கள், நன்றாக வாழ்ந்துவிட்டுப் போங்கள்.

"வாழ்ந்து போதீரே" என்பதைப் பதிகத்தில் மீண்டும் மீண்டும் சொல்கிறார். வாழ்த்துதான். ஆனால் வாசலில் நின்று கையை உதறிக்கொண்டு "நீங்கள் மகராசனாக இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகும் ஏமாந்த உறவினரின் குரலில் அதைப் படித்துப் பாருங்கள். சபித்திருந்தால்கூடத் தாங்கலாம். "ஒற்றி அல்லேன்" என்ற இடத்தில் ஒற்றியூரும் மெல்லத் தலை காட்டுகிறது. குற்றமே செய்யவில்லை என்கிறாரே, சபதத்தை மீறியது யார் என்று இறைவன் கேட்கவில்லை. கண்ணைத்தான் கொடுத்தார்.

நாகைக்காரன்:

சபதத்தை மீறிவிட்டு "நீரே பழிப்பட்டீர்" என்பதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். உரிமை உள்ளவனிடம்தான் இந்த வாய் வரும்.

கறார் வாசகரே, எல்லோருடைய பாட்டிலும் குறை கண்டீர்கள். நீங்கள் ஒன்றுமே எடுத்துப் போடவில்லையே. சத்திரத்தில் உட்கார்ந்து எங்கள் இலையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கறார் வாசகன்:

போடுகிறேன். இராமச்சந்திர கவிராயர். கேட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்.

"கல்லாத ஒருவனைநான் கற்றாய் என்றேன்
காடேறித் திரிவானை நாடா என்றேன்
பொல்லாத ஒருவனைநான் நல்லாய் என்றேன்
போர்முகத்தை அறியானைப் புலியே றென்றேன்
மல்லாரும் புயமென்றேன் சூம்பல் தோளை
வழங்காத கையனைநான் வள்ளல் என்றேன்
இல்லாது சொன்னேனுக் கில்லை என்றான்
யானுமென்றன் குற்றத்தால் ஏகின் றேனே."

இதில் எனக்குப் பிடித்தது, அவனை அவர் எங்குமே குற்றம் சாட்டவில்லை. தன்மேல்தான் வழக்குப் போட்டுக்கொள்கிறார். இல்லாததைச் சொன்னேன், "இல்லை" என்று கூலி கிடைத்தது, சரியான தீர்ப்பு, போகிறேன். வாக்குமூலம் கொடுக்கிற சாக்கில் அவனுடைய சூம்பல் தோள் வரை ஊருக்குக் காட்டிவிட்டார். பொய்ப் புகழ்ச்சி பாடிப் பிழைக்கிற தன் தொழிலையும் சேர்த்து உரித்துவிட்டார். அந்த நேர்மை காளமேகத்திடம் இல்லை. அவர் எப்போதும் வெற்றி பெற்றவராகவே வருகிறார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

நல்ல தேர்வு. ஏழு வரி தாளம் மாறாமல் போய் "இல்லை என்றான்" என்ற இடத்தில் கதவு சாத்தப்படுகிறது பாருங்கள்.

செங்கமலம்:

அந்தப் பிரபுவின் பெயர் என்ன?

கறார் வாசகன்:

பாட்டில் பெயர் இல்லை. வைத்திருந்தால் அவனும் நாகைக் காத்தானைப் போல இன்றுவரை பேசப்பட்டிருப்பான். அந்தப் புகழைக்கூடக் கொடுக்கக் கவிராயருக்கு மனம் வரவில்லை.

நாகைக்காரன்:

இரண்டு பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்காதீர்கள் ஐயா. காத்தான் விடியற்காலை ஆனாலும் சோறு போட்டவர்.